பேராதனைக்கு ஒரு பூ, மெட்ராஸுக்கு ஒரு பூ

பிள்ளையாருக்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் வாழையிலையில் மடித்து நாரால் கட்டிய இரண்டு சின்னப் பொட்டலங்கள். ஒன்றில் வெள்ளரளி, மற்றதில் செவ்வரளி என்று ஏற்பாடு. வெள்ளை வந்தால் பேராதனை. சிவப்பு வந்தால் மெட்ராஸ்.

வெளியே கண்டி மழை. பெய்கிறதா நின்றுவிட்டதா என்று கையை நீட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டிய மழை. கோயிலுக்குள் கற்பூரமும் நனைந்த குடைகளும் சேர்ந்து ஒரு வாசனை. அம்மா எனக்குப் பக்கத்தில் கண்களை இறுக மூடி நின்றாள். அவளுடைய மூச்சில் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. குளிர் கூடினால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும்.

நான் கண்ணை மூடவில்லை. பத்தொன்பது வயதுக்காரி எப்படி மூடுவாள்? அந்த இரண்டு பொட்டலத்தில் ஒன்றுக்குள் என் வாழ்க்கை இருக்கிறது!

எங்கள் கோயில் ஐயர் யாழ்ப்பாணத்தவர். "பிள்ளை, கண்ணை மூடி வடிவாக் கும்பிடும். உம்மட படிப்பு விசயமெல்லே" என்று அதட்டினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். பூக்கட்டிப் பார்க்கும்போது பொட்டலத்தை ஒரு குழந்தைதான் எடுக்க வேண்டும். கள்ளம் தெரியாத கை என்று கணக்கு. அந்த மழையில் யார் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்?

நேர்த்திக்கடனுக்குத் தேங்காய் உடைக்க ஒரு சிங்களப் பெண் வந்திருந்தாள். அவள் இடுப்பில் மூன்று நான்கு வயது மகள், மூக்கு ஒழுகிக்கொண்டு. ஐயர் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் சந்தோஷமாக மகளை இறக்கிவிட்டாள்.

குழந்தை தட்டைப் பார்த்தது. இரண்டு கையையும் நீட்டி இரண்டு பொட்டலத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது.

"ஐயய்யோ, ஒண்ணு! எக்கக், எக்கக்!" என்று அம்மா பதறிப்போய்க் குனிந்தாள். அவ்வளவு வேகமாக அம்மா குனிந்து நான் பார்த்ததே இல்லை. குழந்தைக்கு அழுகை வந்துவிட்டது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒரு பொட்டலத்தைத் திரும்பத் தட்டில் வைத்தது. கையில் இருந்ததை ஐயர் வாங்கிப் பிரித்தார்.

செவ்வரளி.

"மெட்ராஸ்தான். பிள்ளையார் சொல்லிப்போட்டார்" என்றார் ஐயர். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குள் என்னவோ குப்பென்று மேலே எழும்பியது. அது சந்தோஷம்தான். ஆனால் பக்கத்தில் அந்த விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் சிரிக்க வெட்கமாக இருந்தது.

அப்பாவும் அவருடைய நாய்களும்

போன வாரம் இந்தப் பத்தியில் விசர்நாய்க்கடி பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அந்தக் காலத்தில் ஒரு பெண் மாட்டு டொக்டராக வீட்டில் எப்படி விட்டார்கள்?" விட்டது மட்டுமா? ஒரே நேரத்தில் இரண்டு இடம் கிடைத்து, எதற்கு விடுவது என்று வீட்டில் ஒரே இழுபறி.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியத்துக்கு இடம் கிடைத்திருந்தது. நாங்கள் இருந்தது அம்பிட்டிய. இரண்டு பஸ் ஏறினால் பேராதனை, ஆறு மைல். அதே மாதம் மெட்ராஸிலிருந்தும் கடிதம் வந்தது. அம்மாவின் தம்பி சண்முகம் மாமா அங்கே ஒரு கம்பனியில் வேலை. அவர்தான் விண்ணப்பத்தை வாங்கி அனுப்பி, விடாமல் அலைந்து, அங்கேயும் ஓர் இடத்தைப் பிடித்துவிட்டார். கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். தலைமன்னாரில் ஏறினால் அந்தப் பக்கம்.

அப்பா கண்டி நகரசபைக் கந்தோரில் கிளார்க். நாய்க்கு லைசன்ஸ் எழுதுவது அவர் வேலை. கண்டியில் கழுத்தில் தகரத்தோடு திரிந்த நாய் ஒவ்வொன்றின் பெயரும் நிறமும் அவர் கையெழுத்தில் இருந்தது. ஆனால் அந்த மனிதருக்கு நாய் என்றால் உயிர் போய்விடும். தெருமுனையில் ஒரு குட்டி நின்றால்கூடக் குடையை விரித்துக் குறுக்கே பிடித்துக்கொண்டுதான் கடப்பார். வெயில் காலத்திலும்.

"நாயைப் பாக்காம நாய்க்கு லைசன்ஸ் எழுதுற ஒரே ஆளு ஒங்கப்பாதான்" என்பாள் அம்மா.

அப்பாவுக்குப் பேராதனைதான். "பக்கத்துலதானே இருக்கு? பஸ்ஸுல போயி பஸ்ஸுல வரலாம். படிச்சு முடிச்சா கவர்மெண்டு வேல. ஒங்கம்மாவுக்கும் ஒடம்பு இப்புடி இருக்கு. எதுக்குடா கடல் தாண்டி?" கோபம் வந்தாலும் பாசம் வந்தாலும் அவருக்கு நான் 'டா'தான்.

ஆனாலும் அப்பா நியாயஸ்தர். இரண்டு கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதி வைத்துவிட்டார். ஒன்று, பேராதனை இடத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று. மற்றது, வருந்துகிறேன், வர இயலவில்லை என்று. இரண்டிலும் நான் கையெழுத்துப் போட்டேன். எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்கிற கெடு அந்த வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோதும் தீர்மானம் ஆகவில்லை. அப்பா கந்தோருக்குப் புறப்பட்டதும் அம்மா சொன்னாள், "வா, பூக்கட்டிப் பாத்துருவோம்."

பலாப்பழ வாசனை

சொந்தக்காரர்களுக்கு நான் ஒரு வேடிக்கை. "பொம்பளப் புள்ள மாட்டு டொக்டராம்! மாடு வெக்கப்படப் போவுது" என்று வத்தேகமப் பெரியப்பா எல்லாக் கல்யாண வீட்டிலும் ஒரு தடவை சொல்லுவார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். இப்போது நினைத்தாலும் வருகிறது.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு பலாப்பழத்திலிருந்து வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக்குக் கீழே சரிவில் ஹமீது நானா நாலு மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். ஒரு நாள் அவருடைய சிவப்பு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய், மரத்தடியில் விழுந்து கிடந்த பலாப்பழங்களை ஒன்று விடாமல் தின்றுவிட்டது. மத்தியானத்துக்குள் வயிறு ஊதி, விழுந்து, நாக்கைத் தள்ளிவிட்டது. நானா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று குழந்தை போல அழுதார். பெரிய மீசை வைத்த ஆள் அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

மிருக வைத்தியர் ஒருவர் ஜீப்பில் வந்து சேர்ந்தார். யாருடனும் பேசவில்லை. மாட்டின் இடப்பக்க விலாவுக்குப் பின்னால் விரலால் அளந்தார். கூரான ஓர் இரும்புக் குழாயை அங்கே ஒரே குத்தாகக் குத்தினார்.

புஸ்ஸ்ஸ் என்று காற்று வந்தது. வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. சரிவு முழுக்கப் புளித்த பலாப்பழ வாசனை. மேட்டில் நின்ற என் முகத்தில் வந்து அடித்தது. கொஞ்ச நேரத்தில் மாடு எழும்பி நின்று, ஒன்றுமே நடக்காத மாதிரி நானா கட்டியிருந்த சாரத்தைச் சப்பத் தொடங்கியது.

சாகப்போன ஒன்று இப்படி எழும்பி நிற்குமா? அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தால் அல்ல. அந்த இரும்புக் குழாய் எனக்கு வேண்டும் என்றிருந்தது.

நான் பார்த்திராத கடல்

அப்படியானால் பேராதனை போதுமே, மெட்ராஸ் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. கண்டியில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் வாவி. அதைச் சுற்றி நடந்தால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம். மாமாவின் கடிதங்களில் கடற்கரை வரும், மாட்டு வண்டி வரும், இரவெல்லாம் திறந்திருக்கும் கடைகள் வரும். நான் அவற்றையெல்லாம் சேர்த்து எனக்கென்று ஒரு மெட்ராஸ் கட்டிக்கொண்டேன். என் மெட்ராஸில் பெரிய திமில் வைத்த வெள்ளை மாடுகள் அலையோரம் வரிசையாக நடக்கும். நான் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பின்னால் போவேன். யாரும் என்னைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.

ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து ஹந்தானை மலையில் மூட்டம் இறங்குவதைப் பார்த்தபடி எத்தனை மத்தியானம் அந்த மாடுகளோடு நடந்திருக்கிறேன்! மலை மறையும், கடல் வரும். அடுப்பில் பால் பொங்கி வழிந்து திட்டு வாங்கினதுதான் மிச்சம்.

ஆனால் வாயால் சொன்னது வேறு. வீட்டில் நான் ஒரே பிள்ளை. அம்மாவுக்கு இழுப்பு வந்தால் தண்ணீர் சூடாக்கி ஆவி பிடிக்க வைத்து, முதுகைத் தடவி, தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைப்பது நான்தான். அவளை விட்டுவிட்டுக் கப்பல் ஏறுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? யார் கேட்டாலும் "பேராதனைதான்" என்றேன்.

அம்மா மட்டும் எதற்கும் ஒப்புக்கொள்ளாமல் "பாப்போம், பாப்போம்" என்று தள்ளிக்கொண்டே போனாள். அவளும் என்னைப் பக்கத்தில்தான் வைத்துக்கொள்ள விரும்புவாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். எந்தத் தாய் விரும்ப மாட்டாள்?

பாலத்தில் நின்ற நேரம்

கோயிலிலிருந்து வெளியே வந்ததும் அம்மா மிச்சப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "பேராதனைக்குப் போயி அந்த வரலேங்கிற கடுதாசியக் குடுத்துட்டு வந்துரு. போற வழியில இத ஆத்துல போட்டுரு. பிரிக்காத, என்னா? வராத பூவப் பிரிச்சா தோஷம்."

பஸ்ஸில் மடியில் அப்பாவின் பைல். அதில் இரண்டு கடிதமும் இருந்தன. மேலே பொட்டலம். மழை ஜன்னல் கண்ணாடியில் கோடு கோடாக ஓடியது. நான் மெட்ராஸுக்குப் போகிறேன், பிள்ளையாரே சொல்லிவிட்டார், என் மேல் தப்பில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

பேராதனைப் பாலத்தில் இறங்கினேன். கீழே மகாவலி கலங்கலாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மூங்கில்கள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தன. பொட்டலத்தைப் போடக் கையை நீட்டியவள், போடவில்லை. போகாத பேராதனையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போடலாமே என்று ஓர் ஆசை. பிரிக்காதே என்று யாராவது சொன்னால் பிரிக்காமல் இருக்கிற ரகம் நான் இல்லை.

நாரை இழுத்தேன். இலை விரிந்தது.

உள்ளே செவ்வரளி.

முதலில் ஒன்றும் புரியவில்லை. ஐயர் மாற்றித் தந்துவிட்டாரா? இல்லை, பிரித்த பூவை அவர் பிள்ளையார் காலடியில் வைத்ததை நான்தானே பார்த்தேன். பொட்டலம் கட்டியது அம்மா. காலையில் கொல்லைப்புறத்தில் தனியாக உட்கார்ந்து கட்டினாள். வெள்ளைப் பூவே இருக்கவில்லை! அந்தக் குழந்தை எதை எடுத்திருந்தாலும் மெட்ராஸ்தான்.

என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள அல்ல. என்னை அனுப்ப, பிள்ளையாரையே ஏமாற்றியிருக்கிறாள்!

பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அழுகை வந்தது. அதோடு சேர்ந்து கோபமும் வந்தது. அப்பா ஒரு பக்கம் இழுக்கிறார், அம்மா ஒரு பக்கம் தள்ளுகிறாள், நடுவில் என்னை யாராவது கேட்டார்களா? நானாவது என்னைக் கேட்டேனா?

பூவை ஆற்றில் போட்டேன். சிவப்பாக ஒரு புள்ளி, பிறகு அதுவும் இல்லை. (அரளி மாட்டுக்குப் பொல்லாத விஷம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கரையில் மேய்ந்த எருமைகளை நினைத்துப் போட்டிருக்க மாட்டேன்.)

பல்கலைக்கழகக் கந்தோரைத் தேடிப் போனவள் வழி தவறி, மாட்டுக் கொட்டிலுக்கு வந்துவிட்டேன். ரப்பர் பூட்ஸ் போட்ட மாணவர்கள் நாலைந்து பேர் ஒரு கறுப்புப் பசுவைச் சுற்றி நின்றார்கள். அது திமிறிக்கொண்டிருந்தது. கொட்டில் வேலையாள் ஒருவர் என்னையும் மாணவி என்று நினைத்துக் கயிற்றை என் பக்கம் எறிந்தார்.

"நங்கி, மேக்க அல்லன்ன!"

தங்கச்சி, இதைப் பிடி என்கிறார். பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். பசு தலையை உயர்த்தி என் கழுத்தில் மூச்சு விட்டது. சூடான, வைக்கோல் வாசனை அடிக்கிற மூச்சு. ஒரு மாணவன் அதன் கழுத்து நரம்பில் ஊசி ஏற்றினான். அது ஒரு தரம் நடுங்கியது. கயிறு வழியாக அந்த நடுக்கம் என் கைக்கு வந்தது. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லி அதைத் தடவிக்கொண்டிருந்தேன். பிறகு அது அடங்கிவிட்டது.

பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குக் கடல் நினைவு வரவே இல்லை. அலையோரம் நடந்த என் வெள்ளை மாடுகளுக்கு மூச்சு இருந்ததா, வாசனை இருந்ததா? என் கைக்குள் ஒரு தடவையாவது அவை நடுங்கினவா? எனக்கு வேண்டியது இந்தக் கயிறுதான் என்று தெளிவாகத் தெரிந்தது.

கந்தோருக்குப் போய், ஏற்றுக்கொள்கிறேன் என்ற கடிதத்தைக் கொடுத்தேன். மற்றதை நாலாகக் கிழித்து என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

துருவலையில் உட்கார்ந்திருந்தாள்

வீட்டுக்கு வந்தபோது அம்மா துருவலையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அப்பா இன்னும் வரவில்லை.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன். வர்றேங்கிற கடுதாசிய."

துருவல் நின்றது.

"ரெண்டுலயும் செவப்புத்தான் இருந்துச்சும்மா."

"அடிப்பாவி, பிரிச்சியா? தோஷம்னு சொன்னேன்ல!"

"தோஷமா? சாமிய ஏமாத்துனது நீ, தோஷம் எனக்கா?"

"யாருடி ஏமாத்துனது? நான் சாமிகிட்ட கேக்கப் போகல. சொல்லத்தான் போனேன்." தேங்காய் மூடியை ஓங்கிக் கீழே வைத்தாள். மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் எடுக்க எழும்பினேன். "ஒக்காரு. இதான், இதுக்குத்தான் சொல்றேன். நான் இருமுனா நீ எந்திரிக்கிற."

அன்றுதான் அவள் கதையை எனக்குச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன் வத்தேகமயில் அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது.

"பள்ளிக்கூடம் நம்ம தாத்தா கடைக்கு நேர் எதுக்க. அதான் வென. விருந்தாளி வந்தா, பக்கத்துலதானே, ஓடி வந்து கொழம்ப எறக்கி வச்சிட்டுப் போ. அக்காவுக்கு வலி வந்துச்சா, பக்கத்துலதானே, ஒரு நாலு நாளு நில்லு. மூணு மாசம் போனேன். அப்புறம் அவங்களே வேற ஆளப் போட்டுட்டாங்க. தூரமா இருந்திருந்தா நான் டீச்சரா இருந்திருப்பேன்டி. பக்கத்துல இருந்தேன், மகளாவே இருந்துட்டேன்."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவள் காலைக் கட்டிக்கொண்டு நான்தான் அழுதேன்.

"எனக்குப் பேராதனைதான்மா வேணும். ஒனக்காக இல்ல. அப்பாவுக்காகவும் இல்ல. மாட்டப் புடிச்சுப் பாத்தேன், புடிச்சிருச்சு."

என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். தேங்காய்ப்பூ ஒட்டிய கையை நீட்டினாள்.

"அப்ப கையில அடி. பேராதனையத்தான் மெட்ராஸ்னு நெனச்சுக்கணும். விடுதியில தங்கு. பெரிய லீவுக்கு மட்டுந்தான் வரணும். நடுவுல யாருக்கு என்னா ஆனாலும் வரக் கூடாது. நடுவுல கடல் இருக்கு. சரியா?"

அடித்தேன். விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

அப்பா வந்ததும், "சாமி பேராதனைன்னு சொல்லிருச்சுங்க" என்றாள் கூசாமல். அப்பாவுக்கு ஒரே குஷி. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆறு மைல் கடல்

விளையாட்டு இல்லை. அவள் அதைச் சாதித்தாள்.

விடுதிக்கு மாதம் இரண்டு கடிதம், முத்திரை ஒட்டி வரும். "இங்கு மூன்று நாளாக மழை. அங்கு எப்படி?" என்று எழுதுவாள். அதே மேகம், அம்மா! மலைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான்! நானும் "இங்கும் மழைதான்" என்று பதில் எழுதுவேன். என் ஜன்னலிலும் ஹந்தானைதான் நின்றது, முதுகைக் காட்டிக்கொண்டு. மூட்டம் இறங்கும் மத்தியானங்களில் நடுவில் உண்மையிலேயே கடல் இருப்பதாகத் தோன்றும். அலை கேட்பதாகக்கூட நினைத்திருக்கிறேன். வெறும் காற்றுதான்.

ஒரு முறை கம்பளைக்கு ஏதோ கல்யாணத்துக்குப் போன பஸ் பேராதனைச் சந்தியில் நின்றது. ஜன்னலில் அம்மா. நான் ரோட்டோரம் தோழிகளோடு. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் கூப்பிடவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்த கடிதத்தில் எழுதியிருந்தாள்: "வழியில் ஒரு பெண்ணைக் கண்டேன், உன் ஜாடை. மெலிந்து போயிருந்தாள். கண்டால் நன்றாகச் சாப்பிடச் சொல்."

இரண்டாம் வருடப் பரீட்சை நேரம். ஒரு காலை, ஹமீது நானா கழிச்சல் பிடித்த கன்றுக்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் கொட்டிலுக்கு வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"மகள், அம்மாக்கு இப்ப எப்புடி? வாட்டுல இருந்து வந்த பொறகு சாப்புடுறாவா?"

"எந்த வாட்டு?"

நானா விழித்தார். "பத்து நாளா கண்டி ஆஸ்பத்திரியில தானே இருந்தாங்க. ஒக்சிஜன் எல்லாம் வச்சி... ஒங்களுக்குச் சொல்லல்லியா?"

கையில் இருந்த வாளியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. பூட்ஸோடு பஸ் ஏறினேன். கண்டியில் இறங்கி அம்பிட்டிய பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் மேட்டில் ஓடினேன்.

அம்மா கட்டிலில் நாலு தலையணையில் சாய்ந்திருந்தாள். பாதியாகிப் போயிருந்தாள். யார் அடுக்கினார்களோ, தலையணைகள் கோணலாக இருந்தன. அப்பா குற்றவாளி மாதிரி எழும்பி அடுப்படிக்குள் போய்விட்டார்.

"எதுக்கு வந்த? பரீட்சை இருக்குல்ல?"

"ஏம்மா சொல்லல?"

"சத்தியம் பண்ணுனோம்ல." மூச்சு எடுத்து எடுத்துப் பேசினாள். "மெட்ராஸ்ல இருந்தா வந்திருப்பியா?"

"வந்திருப்பேன்!" நான் கத்தினேன். நோயாளி என்றுகூடப் பார்க்கவில்லை. "மெட்ராஸ்ல இருந்தா அப்பா தந்தி அடிச்சிருப்பாரு. நான் கப்பல் ஏறி வந்திருப்பேன். ஆறு மைல்ல இருந்தேன் பாரு, அதனாலதான் வரல! நீ செத்துப் போயிருந்தா எனக்கு மாட்டுக்காரர் வந்து சொல்லியிருப்பாரு!"

அந்த விசில் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். நான் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து, தலையணைகளை நேராக அடுக்கி, அவளை நிமிர்த்திச் சாய்த்தேன். முதுகைத் தடவினேன். எலும்பு கையில் தட்டியது.

வெகுநேரம் கழித்து என் கையைப் பிடித்தாள்.

"சரி. சனிக்கெழம வா."

"ம்."

"சனிக்கெழம மட்டும். யாரும் கூப்புட்டு வராத. நான் கூப்புட்டாலும் வராத. ஒனக்காத் தோணுனா வா."

அடுத்த நாள் பரீட்சைக்கு விடியற்காலையில் என்னை எழுப்பி அனுப்பினாள். பரீட்சை எழுதினேன், தேறினேன். படித்து முடித்தேன், வேலைக்குப் போனேன், நாட்டின் எந்தெந்த மூலைக்கெல்லாமோ மாற்றினார்கள். அவள் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன், அவள் இருந்த கடைசிச் சனிக்கிழமை வரைக்கும்.